பிறந்த இடம் கிளிநொச்சி

எங்கள் மூத்தவனுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. அடையாள அட்டை எடுக்கிற படிவத்தை ஸ்கூலில் கொடுத்துவிட்டிருந்தார்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு நானும் அவனும் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து நிரப்பினோம். பேர், திகதி, விலாசம் எல்லாம் எழுதியாயிற்று. ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. “என்னம்மா யோசிக்கிறீங்க, டிக்கோயான்னு எழுதுங்க” என்றான். எழுதினேன். அவனுக்கு அது ஒரு வார்த்தை. என் அட்டையில் அதே கட்டத்தில் இருந்த வார்த்தையால் 2008 ஜூனில் ஒன்பது நாள் அடைபட்டுக் கிடந்தேன் என்பதை அவனுக்கு இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு விவரம் சொல்ல யாரும் இல்லை. இனி யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை எப்படி வடக்கே கிளிநொச்சியில் பிறந்தது என்று வெளியூர் ஆட்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ குடும்பம் இருக்கிறது. 1977 கலவரத்தில் பெரியம்மா குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிப் பக்கம் கிளிநொச்சிக்குப் போய்விட்டது. அப்பா பதுளை டவுனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1983 ஜூலையில் அந்தக் கடையை எரித்துவிட்டார்கள். உடுத்திய துணியோடு அப்பாவும் அம்மாவும் பெரியம்மா இருந்த இடத்துக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அங்கே நான் பிறந்தேன். 1990இல் திரும்பவும் சண்டை தொடங்கியதும் டிக்கோயாவில் அப்பாயி (அப்பாவின் அம்மா) இருந்த தோட்டத்து லய வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது ஆறு வயது. கிளிநொச்சி என்றால் ஒரு கிணறும், முற்றத்தில் நின்ற ஒரு முருங்கை மரமும்தான் ஞாபகம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், அப்பாயி அதைத் திரும்பப் பெற எத்தனை தடவை நடந்திருப்பாள்! அவளுடைய பிரஜாவுரிமைப் பத்திரம் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பத்திரம் ஒருநாள் எனக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

2008இல் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. மாதம் 7,500 ரூபா. கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிங்கள ஆன்ட்டி வீட்டில் போடிங், வாடகைக்குத் தங்கியிருந்தேன். நல்ல மனுஷி, எனக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துத் தருவார். அந்த வருஷம் பெப்ரவரியில் கண்டியிலிருந்து அனுராதபுரம் போன பஸ்ஸில் தம்புள்ளையில் குண்டு வெடித்தது. ஜூன் 6 வெள்ளிக்கிழமை காலையில் மொரட்டுவைப் பக்கம் ஒரு பஸ்ஸில், மத்தியானத்துக்குப் பிறகு கண்டிக்குப் பக்கத்திலேயே பொல்கொல்லையில் இன்னொரு பஸ்ஸில். செத்தவர்கள் எல்லாம் எங்களை மாதிரி வேலைக்குப் போய்வருகிற சனம். அந்தப் பயம் பொய்யில்லை. நானும் பஸ்ஸில் ஏறினால் முதலில் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துத்தான் உட்காருவேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்களுக்கு இரண்டு பயம். குண்டு ஒன்று, நாம்தான் குண்டு என்று பார்க்கிற கண் இன்னொன்று. தமிழில் பேசிக்கொண்டு போனால் பக்கத்து சீட்டுக்காரர் நம் பையைப் பார்ப்பார். கடையில் அக்காமார் எல்லாம் பஸ்ஸில் போன் அடித்தால்கூட எடுக்கமாட்டோம்.

பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை விடிகாலை. லீவுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பினேன். செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டு, வெறும் பஸ் முன்னால் போய் நிற்கும். அது பழகிப்போன விஷயம். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆமிப் பையன் முன்பக்கம் பார்த்தான், திருப்பினான். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து அட்டை சிங்களத்தில் மட்டும்தான் இருக்கும். என் அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே வாசிக்கத் தெரியாது. அவன் பெருவிரல் நகம் ஒரு வரிக்குக் கீழே மெதுவாக ஓடியது, நின்றது, திரும்பவும் முதல் எழுத்துக்கு வந்தது. நகத்தில் மண் ஒட்டியிருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. “நங்கி, இபதுனே கிலினொச்சியேத?” (தங்கச்சி, பிறந்தது கிளிநொச்சியிலா?) என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? “பெத்தட என்ன” (ஓரத்துக்கு வா) என்றான். ஓரமாகப் போய் நின்றேன். பஸ்ஸில் வந்த சனம் ஒவ்வொருவராக என்னைக் கடந்து ஏறியது. எங்கள் டிவிஷன் (தோட்டப் பிரிவு) ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களும் ஏறிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நேரத்தில் நின்று பேசினால் அவர்களையும் ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

நான் செய்த முதல் பிழை அங்கேதான். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு “அப்பாவுக்குச் சொல்லிருங்க” என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். வெட்கத்தில் வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். உங்களுக்கு இப்படி நடந்தால் வெட்கப்படாதீர்கள், சத்தமாக ஊரையும் பேரையும் சொல்லுங்கள், கேட்கிறவன் ஒருவனாவது போய்ச் சொல்வான். அடுத்து, போனை உடனே வாங்கிக்கொள்வார்கள். எனக்கு ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை, எல்லாம் போனுக்குள். பிறகு ஒரு கொன்ஸ்டபிள் இரக்கப்பட்டு “யாருக்காவது சொல்லணுமா” என்று கேட்டபோது சொல்ல நம்பர் இல்லாமல் அழுதேன். மூன்று நம்பராவது தலையில் இருக்க வேண்டும்.

பொலிஸில் என் பையைக் கொட்டினார்கள். ஒரு சுடிதார், சீப்பு, அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும், ஒரு சின்னக் கொப்பி. அந்தக் கொப்பிதான் வினையாகிவிட்டது. கடையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் போட்டிருந்தோம், மாதம் ஆளுக்கு 500, அதை எடுத்து நடத்தியது நான். ‘ச.ரா. 500, மு.க. 500, பா. (பாக்கி)’ என்று சுருக்கி எழுதியிருந்தேன். ஒரு ஆளின் பேர் முழுசாக இல்லை. அந்த மாதக் காசு 6,000 ரூபா பையிலேயே இருந்தது. போனில் ‘பெரியம்மா வவுனியா’ என்று ஒரு நம்பர். அப்போது புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சியில் பிறந்தவள், வவுனியாவுக்குப் பேசுகிறவள், கண்டியில் தங்குகிறவள், கையில் காசு, குறியீட்டில் எழுதின கொப்பி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு மேசையில் அடுக்கி வைத்தபோது எனக்கே பயமாக இருந்தது.

போடிங் வீட்டைப் போய்ப் பார்த்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டிய காலம் அது. ஆன்ட்டி அதில் என் பேரைப் போடவே இல்லை. வந்த மாதமே நான் கேட்டேன், “கமக் நே துவ” (பரவாயில்லை மகள்) என்று சொல்லிவிட்டார். தமிழ்ப் பிள்ளையை வைத்திருந்தால் கரைச்சல் வரும் என்று பயந்திருப்பார். அன்பு வேறு, பதிவு வேறு. நான் கண்டியில் எங்கே தங்கினேன் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் போனது. வாடகை கொடுத்ததற்கு ரசீதுகூட வாங்கியிருக்கவில்லை. எங்கே தங்கினாலும், எவ்வளவு நல்லவர்கள் வீடாக இருந்தாலும், நீங்கள் அங்கே இருப்பது ஏதாவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிபட்டவர்கள் நிறையப் பேர், என் கதையை அவர்கள் கதையோடு வைக்கக்கூடாது. என்னை உடைத்தது வேறு. முதல் நாள் ராத்திரி நாலு பக்கம் வாக்குமூலம் எழுதினார்கள். நான் கடைச் சிங்களத்தில் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். ‘அளவு என்ன, கலர் என்ன, விலை குறைக்க முடியாது’ என்கிற அளவுக்குத்தான் என் சிங்களம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த நாலு பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என்னை அடைத்து வைத்திருந்த பொலிஸ் கூட்டுக்குள் இன்னொரு அம்மா இருந்தார், திருகோணமலைப் பக்கம். நான் கையெழுத்துப் போட்டேன் என்றதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மகள், விளங்காத பாஷையில எழுதினதுக்கு வெறும் கையெழுத்து வைக்கப்படாது. வை எண்டு நிண்டா, மேல தமிழில எழுதிப்போட்டு வை” என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார்: ‘எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை.’ மூன்றாம் நாள் இரண்டாவது வாக்குமூலம் எடுத்தபோது கை நடுங்க நடுங்க அதை எழுதி, திகதியும் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன். எழுதியவர் ஏசினார். ஆனால் போய் ஒரு தமிழ் தெரிந்த பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வாசித்துச் சொன்னபோதுதான் சீட்டு என்ற வார்த்தையையே அவர்கள் வேறு மாதிரி விளங்கியிருந்தது தெரிந்தது. அரைமணி நேரம் தமிழில் பேசியதும் கொப்பி விஷயம் முடிந்துவிட்டது.

வெளியே வந்த பிறகு ஒரு லோயர் ஐயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியாகிவிட்டது. கைது செய்கிறவர்களுக்கு 2006 ஜூலையில் ஜனாதிபதி கொடுத்த பணிப்புரையிலேயே, ஆள் விரும்புகிற மொழியில் வாக்குமூலம் எடுக்க வேண்டும், தானே எழுதித் தர விரும்பினால் விட வேண்டும், பொம்பளையைக் கைது செய்தால் அவள் சொல்கிற ஒரு ஆளைக் கூட வர விட வேண்டும், வீட்டாருக்குக் கைதுப் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் இருந்திருக்கிறது. இதில் ஒன்றும் எனக்கு நடக்கவில்லை, கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது, இன்னும் இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேல் உள்ளவரோ எடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியாகும். பலவந்தத்தில் சொன்னது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது சொன்ன ஆள்தான். அந்தத் திருகோணமலை அம்மா ஏன் நெற்றியில் அடித்துக்கொண்டார் என்று அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

புதன்கிழமை பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை. வெளியே ரோட்டில் பக்திப் பாட்டு, தன்சல் (அன்னதானம்) சத்தம். மத்தியானம் ஒரு பொலிஸ் பிள்ளை தன்சல் சோற்றை இரண்டு பார்சலாகக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தாள். சாப்பிடும்போது அழுகை வந்தது. நான் அழுததைப் பார்த்து அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் நடந்தது இதைவிட மோசம். பஸ்ஸில் என்னோடு வந்த ஆட்களில் ஒருவர்தான் மனசு கேட்காமல் திங்கட்கிழமை ராத்திரி லயத்துக்கு வந்து சொல்லியிருக்கிறார். அப்பா வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் ஒவ்வொரு பொலிஸாக அலைந்தார். எங்கள் பிள்ளை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள். மூன்றாம் நாள்தான் இடம் தெரிந்தது. அதற்குள் ஒருவர் வந்து, பெரிய இடத்தில் ஆள் இருக்கிறது, 25,000 கொடுத்தால் மறுநாளே விட்டுவிடுவார்கள் என்றார். அம்மா தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த ஆள் பிறகு கண்ணிலேயே படவில்லை. இப்படி ஒரு தரகர் எங்கிருந்தாவது வருவார், அவர் வருகிற நேரம் வீட்டில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது. லோயருக்கு 12,000. வேன் கூலி, பஸ் செலவு 11,400. உடுப்பு, சாப்பாடு, சவர்க்காரம் என்று 3,600. சீட்டுக் காசு 6,000 திரும்பி வரவில்லை. பையிலிருந்து எடுத்த பொருளுக்கு என்னிடம் பட்டியல் எழுதி வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொப்பி வந்தது, காசு வரவில்லை. எல்லாம் சேர்த்து 58,000 ரூபா. என் சம்பளத்தில் ஏழரை மாதத்துக்கும் மேல்.

காசில்லாமல் செய்யக்கூடியதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டானது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆளைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று இந்த ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தும் சொல்லலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டுவிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் தவணையில் சேராது. நான் வெளியே வந்து இரண்டு மாதம் வீட்டு மூலையில் கிடந்துவிட்டு, பிறகுதான் இதைக் கேட்டேன். தவணை போய்விட்டிருந்தது. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக லோயர் கேட்கலாம்.

என்னை வெளியே எடுத்தது லோயரின் பேச்சைவிட, எங்கள் தோட்டத்து ஸ்கூல் பிரின்சிபல் தந்த ஒரு காகிதம் என்றுதான் சொல்வேன். 1991 ஜனவரியில் முதலாம் ஆண்டில் என்னைச் சேர்த்த சேர்வு இடாப்பின் பிரதி. ஆறு வயதில் வந்த பிள்ளை, அன்றிலிருந்து ஓ.எல். (சாதாரண தரம்) வரைக்கும் இங்கேயே படித்திருக்கிறது என்று அதில் வருஷம் வருஷமாக இருந்தது. அதோடு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம், தோட்டத் துரை (மேலாளர்) தந்த கடிதம், அப்பாவின் பேர் இருக்கிற செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு), அப்பாயியின் பிரஜாவுரிமைப் பத்திரம். இவ்வளவையும் தேடி எடுக்க ஐந்து நாள் ஆனது. முன்னாலேயே ஒரு பைலில் இருந்திருந்தால் அந்த ஐந்து நாளும் நான் உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் விட்டார்கள். என் மேல் ஒரு குற்றமும் எழுதவில்லை. குற்றம் இல்லை என்று ஒரு துண்டும் தரவில்லை. தயவுசெய்து அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த செக்பொயின்ட்டில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கடையில் திரும்ப எடுக்கவில்லை. முதலாளி கெட்டவர் இல்லை, “கொஞ்ச நாள் போகட்டும் பாப்பா” என்றார், அந்தக் கொஞ்ச நாள் வரவே இல்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை விட்டுவிட்டார்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். ‘பொலிஸில இருந்த பிள்ளை’ என்று ஒரு பேர். அந்தப் பேர்தான் ஒன்பது நாளைவிட நீளமாக இருந்தது. பஸ்ஸில் ஏறவே ஏழு மாதம் ஆனது. கண்டிக்குப் போக வேண்டி வந்தால் ரயிலில்தான் போவேன்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு ராத்திரி போன் வந்தது. கண்டிக் கடையில் கூட இருந்த முஸ்லிம் அக்கா. தேடுதலில் வீட்டுக்கு வந்து, தம்பியின் அரபுப் புத்தகங்களையும் போனையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிப்போய்விட்டார்களாம். அந்த மே மாதத்தில் ஹசலக்கையில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள், சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்து. அந்தக் காலம் அது. அக்கா அழுதுகொண்டே “நாங்க என்ன செய்யிறது” என்றார். என்னை அன்றைக்கு ஓரத்தில் நிறுத்தியபோது எனக்கு வராத வார்த்தையெல்லாம் அப்போது வந்தது. யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், எந்தப் பொலிஸ் என்று எழுதி வையுங்கள், இப்போதே 1996க்கு அடியுங்கள், புத்தகத்தை எங்கே வாங்கியது என்ற ரசீதைத் தேடுங்கள், மௌலவியிடமும் ஜீ.எஸ்ஸிடமும் கடிதம் வாங்குங்கள், தம்பியைப் பார்க்க விட்டால் தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நாலாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். அவனை விட்டதற்கும் முதலில் துண்டு தரவில்லை. அக்கா ஸ்டேஷன் வாசலிலேயே நின்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

சீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. மற்றவர்களின் காசை ஒன்றரை வருஷத்தில் கொடுத்து முடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். இப்போது தோட்டத்தில் இருபது பேர் சேர்ந்த சீட்டு ஒன்று நடத்துகிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் ‘சீட்டுக் கணக்கு’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறேன், சிங்களத்தில் எழுதித் தந்தது என் மகன். ஒவ்வொரு ஆளின் பேரும் முழுசாக, டிவிஷனோடு, லய நம்பரோடு இருக்கிறது.